மாமி கண் தைத்த டீசேர்ட்டுகள்

மாமி அந்த டீசேர்ட்டைக் கொடியிலிருந்து கையால் எடுக்கவில்லை. விளக்குமாற்றுக் கட்டையால் தூக்கி எடுத்தார். மார்பில் பல்லைக் காட்டும் மண்டையோடு, அதன் கீழே எந்த நாட்டிலோ பாடித் திரிந்த ஓர் இசைக்குழுவின் பெயர். "இதையும் மனுசன் காசு குடுத்து வாங்குவானா, மருமகன்?" என்றார். வெளிநாட்டில் வாங்குவார்கள் என்றேன். கட்டையைத் தாழ்த்தாமலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப இதுக்குள்ள வேற என்னமோ வெச்சுத்தான் அனுப்புறீங்க."

கனமூலை என்ற ஊரில் என் மனைவியின் விதவைத் தாயின் வீட்டுக்கே நான் மாப்பிள்ளையாக வந்திருந்தேன். புத்தளத்தில் பழைய உடுப்பு மூட்டை பிரிக்கும் கடைகளில் இப்படியான டீசேர்ட்டுகளைப் பொறுக்கி வந்து, துவைத்து, படம் பிடித்து, ஐந்தைந்தாகக் கட்டி இணைய ஏலத்தில் விற்பதுதான் என் பிழைப்பு. கட்டுகளை வைக்க மாமி பின்னறையைத் தந்திருந்தார். தந்தாரே தவிர நம்பவில்லை. பார்சலை அமுக்கிப் பார்ப்பார். தபாற்கந்தோருக்கு என்னை ஏற்றிப்போகும் ஓட்டோக்காரரைத் தனியே கூப்பிட்டு விசாரிப்பார். நானும் சளைத்தவனில்லை. வெளியே போய்வந்தால் கட்டுகளின் முடிச்சு மாறியிருக்கும். நல்ல டீசேர்ட்டை உருவி யாருக்கோ கொடுக்கிறார் என்று நினைத்து எண்ணிப் பார்ப்பேன். ஒன்றும் குறைந்திருக்காது. அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகு ஒருநாள் ஜேர்மனியிலிருந்து முறைப்பாடு வந்தது. வாங்கியவர் அனுப்பிய படங்களில் மண்டையோடு, பேய், கொம்பு முளைத்த ஆடு எல்லாவற்றுக்கும் கண்கள் கறுப்பு நூலால் இறுக்கித் தைக்கப்பட்டிருந்தன. ஏற்கெனவே ஒரு முறைப்பாடு இருந்தது. இதுவும் நிலைத்தால் ஏலத் தளத்தில் என் கணக்கை மூடிவிடுவார்கள். மூடினால் வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. படங்களை மாமியிடம் நீட்டினேன். அவர் மறைக்கவில்லை. "நான்தான் தைச்சேன். கண் இருந்தாத்தானே பாக்கும்."

யாரை என்று கேட்கும் நிதானம் எனக்கு இருக்கவில்லை. மனைவி தடுத்தும் கேளாமல் சந்திக் கடைக்குப் போய்ப் பூட்டு வாங்கிவந்து, மாமியின் வீட்டில் மாமி தந்த பின்னறையையே பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

பள்ளியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்ததும் மனைவி வந்து கையை நீட்டினாள். "சாவியத் தாங்க. உம்மாட முசல்லா உள்ளுக்க கிடக்கு."

தொழுகைப் பாய்க்கு அந்த அறையில் என்ன வேலை என்று கேட்டேன்.

"வாப்பா மௌத்தானதுல இருந்து உம்மா அதுக்குள்ளதான் தொழுற. உங்களுக்குக் குடுத்த பொறகும் அங்கதான். நீங்க வெளிய போற நேரம் பாத்துப் போவா. உங்கட பேயெல்லாம் கண்ணத் தொறந்து பாத்துட்டிருந்தா எப்படித் தொழுற?"

பூட்டை அப்போதே கழற்றினேன்.

வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், முறைப்பாடு விலகிக் கணக்கு தப்பியது. இன்றும் ஏலம் நடக்கிறது. கட்டுகளை இப்போது எங்கள் படுக்கையறையில் அடுக்கியிருக்கிறோம், பின்னறை வெறுமையாகக் கிடக்கிறது. மாமியோ முன்வாசலில், போவோர் வருவோர் காலடியில் முசல்லாவை விரிக்கிறார். போன வெள்ளிக்கிழமையும் கேட்டுப் பார்த்தேன். "அறை சும்மாதானே கிடக்குது மாமி, உள்ளுக்கே தொழுங்களேன்."

முசல்லாவை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு, அன்று கொடியடியில் பார்த்ததைவிடக் கூர்மையாக என்னைப் பார்த்தார்.

"அந்தப் பூட்டு இப்ப எங்க, மருமகன்?"