எல்லைக்குள் எட்டு நாள்

எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தபால்காரர் சைக்கிளை வேலியில் சாய்த்து, கட்டை அவிழ்த்து, மொத்தத்தையும் என் கையில் கொடுத்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துப் போய்விடுவார். முப்பது வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் நான் ஒருவன். எப்படியும் நான்தான் படித்துச் சொல்லப் போகிறேன், அவர் எதற்கு வீடு வீடாக மிதிக்க வேண்டும்?

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் சாலையில், ஊர் முடிந்ததும் இடது பக்கம் புதிதாக எழுந்த குடியிருப்பு அது. ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் கன்னடம், நடுவில் சேலம், தர்மபுரியிலிருந்து பிழைக்க வந்த நாங்கள். கல் உடைக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், புதிதாக முளைத்த நட்டு போல்ட்டுப் பட்டறையில் வேலைக்குப் போகிறவர்கள். என் அப்பா லாரி ஷெட்டில் மூட்டை தூக்கினார். தெருவுக்குப் பின்னால் ரயில் பாதை போடுவதற்காக மண் கொட்டி மேடாக்கி வைத்திருந்தார்கள். ரயில்தான் இன்னும் வரவில்லை.

யாருடைய மாமியாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுப் பெண்ணை எங்கே கேட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். குடிதண்ணீர்க் குழாய் வேண்டுமென்று பஞ்சாயத்து யூனியனுக்கு மனு எழுதியதும் நான்தான். எட்டு மாதம் கழித்துக் குழாய் வந்தது. அன்றிலிருந்து குழாயடியில் எனக்கு 'கிளார்க்கு' என்று பட்டம்.

"தள்ளுங்கடி, கிளார்க்கு ஐயா வராரு. பைலை வச்சுட்டுக் கொடத்தோட வந்திருக்காரு!"

"மோந்துக்கோ கண்ணு. உன் கொழா தானே, எங்களுக்கெல்லாம் நீ உட்டா உண்டு."

அவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

அந்த வருடம் சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தெருக் கடிதங்களோடு என் பெயருக்கும் ஒரு பழுப்புக் கவர் வந்தது. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சேலத்தில் இண்டர்வியூ. சர்க்கார் ஆபீஸில் நிஜமான கிளார்க் வேலை. நான்கு முறை படித்தேன். பிறகு அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முதலில் கதவைச் சாத்தினாள்.

"யாருகிட்டயும் மூச்சு உடாதே. பாஸ் பண்ணப்ப தெருவுக்கே சக்கரை குடுத்தேன். ஏழாம் நாளு காய்ச்சல்ல படுத்தே. மறந்துட்டியா? வேலை கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

கண் படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் டைபாய்டில் நாற்பது நாள் என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். சரி என்றேன். கவரை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். ஊரார் கடிதம் அத்தனையும் உரக்கப் படிக்கிற நான், என் கடிதத்தை ஒளித்து வைத்தேன்.

இங்கே எங்கள் மாரியம்மன் திருவிழாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாரம்மா என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காப்புக் கட்டினால் அடுத்த ஞாயிறு வரை எட்டு நாள். தெருவின் நான்கு மூலையிலும் வேப்பிலைத் தோரணம் கட்டி எல்லை வகுப்பார்கள். தெருக்காரர்கள் வெளியே வேலைக்குப் போகலாம்; விளக்கு வைக்கும் முன் திரும்பிவிட வேண்டும். கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர்கள் மட்டும் எல்லையைத் தாண்டவே கூடாது. அப்படி இரண்டு பேர். ஒருவர் பூசாரி. இன்னொருவன் தெருவில் கல்யாணமாகாத ஒரு வாலிபன். எட்டு நாளும் விடிகாலையில் கிணற்றிலிருந்து அம்மனுக்குத் தீர்த்தக் குடம் சுமக்க வேண்டியவன். யார் கையில் கட்டுவது என்பதை அன்று சாயங்காலம்தான் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு வீடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூட்டத்தில் நின்றிருந்தேன். பம்பை அடங்கியது. பூசாரி கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசுவார். தாம்பாளத்தோடு கூட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"தெருவுக்குத் தண்ணி கொண்டாந்தவன் நீ. இந்த வருசம் அம்மாவுக்கும் நீயே தண்ணி கொண்டா. ஏனப்பா, சம்மதமா?"

பின்னால் யாரோ குலவை போட்டார்கள். குழாயடிப் பெண்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அத்தனை சந்தோஷமாக. நான் அம்மாவைத் தேடினேன். அவள் முந்தானையை வாயில் வைத்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா? 'வியாழக்கிழமை எனக்கு இண்டர்வியூ' என்று மூன்றே சொல். நாக்கு வரை வந்தது.

"சம்மதமா?" பூசாரி மூன்றாம் முறையும் கேட்டுவிட்டார்.

"சம்மதம்" என்றேன்.

அந்த நொடியில் என்ன நினைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வியாழன் வர நான்கு நாள் இருக்கிறது, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. படித்தவனுக்கு ஒரு வழி கிடைக்காமல் போகாது என்ற நினைப்பு. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஈரமாக இறுகியது.

திங்கட்கிழமை குடம் சுமந்தேன். குழாயடி கேலி கொஞ்சம் மாறியிருந்தது.

"கவிச்சி இல்லாம ஒரே நாள்ல எளச்சுட்டான் பாரு."

"கோழி கூவுனா இவன் கண்ணுல தண்ணி வருது!"

நானும் சிரித்தேன். மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பாகலூரிலிருந்து முதல் பஸ் ஐந்து மணிக்கு எங்கள் சாலையில் வரும். அதில் ஏறி ஓசூர், அங்கிருந்து கிருஷ்ணகிரி வழியாகச் சேலம். குடத்தைக் கோயிலில் வைத்துவிட்டு, கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டால் யாருக்குத் தெரியும்? கயிற்றை அவிழ்க்கக்கூட வேண்டாம். சாயங்காலம் திரும்பிவிடலாம். நான் நம்பாத ஒன்றுக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

செவ்வாய் மத்தியானம் எதிர்வீட்டில் அழுகுரல் கேட்டது. அந்த வீட்டுக்காரி தெலுங்குக்காரி. புருஷன் லாரி டிரைவர். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவனுக்கு அவள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுகிறவன் நான். அவளுடைய நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல். முகத்திலும் மார்பிலும் சிவந்து தடித்திருந்தது. "அம்மா வந்திருக்கா" என்று யாரோ சொன்னதும் தெரு முழுக்கக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. அம்மைக்கு நாங்கள் எவ்வளவு பயந்தோம் என்பதை இப்போது எழுதிக் காட்ட முடியாது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கயிறு கட்டிய கை.

"நாயனா, நீ கொண்டார தண்ணிய என் பாப்பாவுக்கும் ஒரு கை தெளிச்சுடு. நீ சுத்தமா இருக்கே. உன்ன நம்பித்தான் இருக்கேன்."

தெளித்தேன். குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கிளார்க்கு" என்றது.

அதற்குப் பிறகு முழுக்கைச் சட்டை யோசனை கைவிட்டுப் போயிற்று. நான் போன நேரத்தில் அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால், அது நான் போனதால் இல்லை என்று எனக்கு நானே எந்தப் புத்தகத்தைக் காட்டி நிரூபிப்பது? நம்பிக்கை இல்லாதவனையும் ஒரு கயிறு கட்டிப்போட முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் பூசாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும் வரை திரும்பவில்லை.

"கவரு எப்ப வந்துச்சு?"

"போன செவ்வாய்க்கிழமைங்க."

"காப்புக்கு அஞ்சு நாளு முன்னாடி."

"ஆமாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுத்த வீட்டுப் பையன் கையில கட்டியிருப்பேன். அவன் வருசா வருசம் கேட்டுக்கினே இருக்கான்." கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தார். "கட்டறதுதான் தம்பி என் வேலை. அவுக்கறது எட்டாம் நாளு அம்மா முன்னாடி மட்டும்தான். நான் பொய் சொல்லி உன்ன அனுப்பலாம். ஆனா எதிர்வீட்டுல பாப்பா கெடக்குது. நீயே சொல்லு, அனுப்பட்டுமா?"

நான் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள், அடுப்பு எரியவில்லை. அப்பாவுக்கு அன்றுதான் முழுதும் தெரிந்தது. லாரி ஷெட்டில் பேசாமல் பேசாமல் பேச்சே மறந்துபோனவர் அவர். தோளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அறுத்துட்டுப் போடா. வர்றது எனக்கு வரட்டும்."

அவர் சத்தம் போட்டிருந்தால், போகாதே என்று தடுத்திருந்தால், ஒருவேளை போயிருப்பேன். அப்படிச் சொன்ன பிறகு எப்படிப் போவது?

வியாழக்கிழமை விடிகாலையில் குடத்தோடு கிணற்றுக்குப் போனேன். கிணறு தெருக்கோடியில், சாலையை ஒட்டி இருந்தது. எல்லைத் தோரணம் அதற்கு நான்கடி தள்ளி. வேப்பிலை வாடிச் சுருண்டிருந்தது. பஸ் வெளிச்சம் தூரத்தில் தெரிந்து, கிட்டே வந்து, வேகத்தைக் குறைத்தது. கைகாட்டினால் நிற்கும் இடம் அது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் குடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கும் வரை நின்றுவிட்டுத் தண்ணீர் சேந்தினேன்.

மத்தியானம் உட்கார்ந்து சேலத்துக்கு ஒரு மனு எழுதினேன், வேறு தேதி கேட்டு. தெருவுக்கு எத்தனையோ மனு எழுதியவன் நான். ஒன்றிலும் ஒரு பொய்யும் கலந்ததில்லை. காப்புக் கட்டியிருந்ததால் வரவில்லை என்பதை இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். எழுதியதைப் படித்தபோது யாரோ அறிவில்லாதவன் எழுதியது மாதிரி இருந்தது. மூன்று காகிதத்தைக் கிழித்தேன். கடைசியில், கடும் காய்ச்சல் காரணமாக வர இயலவில்லை என்று எழுதினேன். தபாலாபீஸ் எல்லைக்கு வெளியே. மறுநாள் அப்பா பனியனுக்குள் வைத்து எடுத்துப்போய்ப் பெட்டியில் போட்டார்.

குழந்தைக்கு வந்தது பெரிய அம்மை இல்லை, மணல்வாரி. சனிக்கிழமை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. அதற்குள் பூசாரி வாயிலாக விஷயம் குழாயடிக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். எப்போதும் சிரித்துப் பேசுகிறவள், சண்டைக்கு வந்தவள் போலக் கத்தினாள்.

"எங்க ஊட்டு ரகசியமெல்லாம் உனக்குத் தெரியும். உன் ஊட்டுது ஒண்ணு எங்களுக்குத் தெரியக் கூடாதா? ஒக்க மாட்ட செப்பகூடதா? ஒரு வார்த்தை! நாங்க என்ன, கண்ணு வச்சுத் தின்னுடுவமா?"

அம்மா உள்ளேயே இருந்தாள். நான் குழந்தையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கயிற்றை அவிழ்த்தார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கோடு ஒன்று வைகாசி வரை போகவில்லை. சேலத்திலிருந்து ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. வேறு தேதி தர இயலாது என்று ஒரே வரி. அதைக் குழாயடியில் வைத்து உரக்கப் படித்தேன், எல்லோருடைய கடிதத்தையும் படிக்கிற மாதிரியே. யாரும் கேலி செய்யவில்லை. அன்றோடு என்னைக் கிளார்க்கு என்று கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். கேலியாகவே இருந்தாலும் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

அம்மா அந்த வாரத்தைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. ஆனால் நான் எந்த மனு போட்டாலும் அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஓடிப்போய் நாலு வீட்டில் சொல்லிவிட்டு வருகிறாள். "என் பையன் கோயமுத்தூருக்கு எழுதியிருக்கான், மெட்ராசுக்கு எழுதியிருக்கான்." போட்டவை நிறைய. பட்டறையில் வருகைப் பதிவு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். இப்போதைக்கு அங்கே போகிறேன். மாலையில் வந்தால் தெருக் கடிதங்கள்.

இந்த வருடம் சித்திரை பிறந்ததும், காப்புக்கு இரண்டு நாள் முன்னால், பூசாரி மஞ்சள் தட்டோடு வீடு வீடாக வந்தார். முன்பெல்லாம் அப்படி வருகிற வழக்கம் கிடையாது. எங்கள் வாசலில் நின்றார்.

"ஊட்டுக்கு ஏதாச்சும் கவரு வந்திருக்கா? எங்கயாச்சும் போற வேலை இருக்கா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பூசாரியும் பார்த்தார். இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமென்று இரண்டு பேருக்கும் ஆசை இருந்தது தெரிந்தது.

"இல்லைங்க" என்றேன்.

நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்பது எனக்குக் கேட்டது. அந்த வீட்டுக்கு ஏதாவது வந்திருந்தால் எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் நின்று, அவள் வாயால் பதில் சொல்லும் வரை காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.