கல்லுக்கு மட்டும் நன்றி

நித்யா, சுதன், மக்களே, இதை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மலையாளத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிடுவீர்கள். எனக்கோ மலையாளம் பேச வரும், எழுத வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன், அதுவும் தமிழில். அதனால் மெதுவாகவே படியுங்கள். அவசரமான விஷயம் ஒன்றும் இதில் இல்லை.

போன வாரம் உங்கள் பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டிடம் திறந்த அன்று, ஹாலுக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு வாசனை அடித்தது. புது ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்தால் வருமே, ரப்பரும் தெர்மோகோலும் கலந்த ஒன்று. என் காலத்து ஆம்ப்ளிஃபயருக்கு வேறு வாசனை. சூடேறினால் உள்ளே கிடக்கும் தூசி கருகும். அது சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. உங்கள் அம்மா அதை அறிந்ததில்லை. அவள் வருவதற்கு முன்பே நான் மைக் செட் வேலையை விட்டாகிவிட்டது.

கிழக்கேகோட்டையில் இருந்தது அந்தக் கடை. நாற்காலி, பந்தல், மைக், டியூப் லைட் எல்லாம் வாடகைக்கு. எங்களிடம் சிவப்புப் பட்டுத் திரை ஒன்று இருந்தது. அடிக்கல் நாட்டும் விழாவுக்கென்றே தைத்தது. செங்கல்லைத் தற்காலிகமாக அடுக்கிச் சின்னச் சுவர் எழுப்பி, அதில் பெயர் வெட்டிய பளிங்குக் கல்லைச் சாய்த்து, முன்னால் இந்தத் திரையைத் தொங்கவிடுவோம். வந்தவர் கயிற்றை இழுப்பார், திரை விலகும், கைதட்டுவார்கள். மழைக்காலத்தில் வளையம் துருப்பிடித்து விலகாமல் நின்றுவிடும் என்பதால், சுவருக்குப் பின்னால் ஒரு ஆள் குந்தியிருந்து திரையைக் கையால் இழுத்துவிட வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். எத்தனையோ ஆஸ்பத்திரி, வாசகசாலை, பள்ளிக்கூடங்களுக்கு அடிக்கல் நாட்டியதில் எனக்கும் பங்குண்டு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

விழா முடிந்ததும் செங்கல்லைப் பிரித்து வண்டியில் ஏற்றுவோம், அது கடைச் சொத்து. கல்லை மட்டும் விட்டுவிட்டு வருவோம். உங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒரு கல் இருந்தது. தமிழ் டிவிஷனுக்கு, அதாவது தமிழில் பாடம் படிக்கிற பிள்ளைகளின் பிரிவுக்கு, கட்டப்போகிற கட்டிடத்தின் கல். கட்டிடம் வரவில்லை. ஒதுக்கிய பணம் மார்ச் முடிவதற்குள் செலவாகவில்லையென்று திரும்பிப் போய்விட்டது. ஏன் செலவாகவில்லை என்று பள்ளியில் கேட்டால் ஆபீசைச் சொன்னார்கள், ஆபீசில் கேட்டால் என்ஜினியரைச் சொன்னார்கள், என்ஜினியர் மாற்றலாகிப் போயிருந்தார். கல் ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு வெளியே தரையில் படுத்துக் கிடந்தது. அதன் மேல் குடிநீர்ப் பானையை வைத்திருந்தார்கள். பானைக்கு நல்ல தோதான கல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், உங்கள் இசக்கி அத்தையால். அத்தை அப்போது தம்பானூரில் ஒரு ஓட்டலில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மகன் மாரி அத்தான் அந்தப் பள்ளியில் தமிழ் டிவிஷனில் நாலாம் வகுப்பு. செங்கோட்டைப் பக்கமிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மலையாளத்தில் பஸ் போர்டு கூட வாசிக்கத் தெரியாது. தமிழ் டிவிஷன் இருந்த ஓட்டுக் கட்டிடத்தில் உத்தரம் கரையான் அரித்து, உள்ளே பிள்ளைகளை உட்காரவைக்கக் கூடாதென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கஞ்சிப்புரையில், அதாவது மதியச் சாப்பாடு போடும் கொட்டகையில், உட்கார்ந்தார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது அறை இல்லையென்றால் டிவிஷனை எடுத்துவிடுவார்கள் என்று பேச்சு. எடுத்தால் மாரியை ஊருக்கு அனுப்ப வேண்டும். ஊரில் அவனைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் கடைக்கு அந்தப் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. அதே கட்டிடத்துக்கு மறுபடியும் அடிக்கல். முதல் கல்லைப் போட்டவர் போய், தொகுதிக்குப் புதிய எம்.எல்.ஏ. வந்திருந்தார். அவர் பெயரில் புதுக் கல்.

இந்த ஊர் விழாக்களில் கடைசி இனம் நன்றியுரை என்பது உங்களுக்கும் தெரியும். அதற்குள் பெரிய ஆட்கள் அடுத்த விழாவுக்குப் போயிருப்பார்கள். பாதி நாற்காலியை நாங்களே மடக்கியிருப்போம். தமிழ்க் கட்டிடம் என்பதால் தமிழ்க்காரர் ஒருவரும் பேச வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் யோசித்து, ஆபத்தில்லாத இடமாக அதை இசக்கி அத்தைக்குக் கொடுத்துவிட்டார். அத்தை முந்தின நாள் கடைக்கே வந்து என்னிடம் கேட்டாள்.

"ஏலே, நன்றின்னா எதுக்கெல்லாம் சொல்லணும்?"

"குடுத்ததுக்குச் சொல்லணும்."

"அவங்க என்னத்தக் குடுத்தாங்க?"

"நாளைக்கு ஒரு கல்லு குடுப்பாங்க."

"நீ உருப்பட்டாப்புலதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் எல்லாம் வழக்கம்போல நடந்தது. திரைக்குப் பின்னால் குந்தியிருந்தேன், திரை விலகியது. எம்.எல்.ஏ. பேசினார், வாழ்த்துரைகள் வரிசையாக வந்தன. அவர் எழுந்து கும்பிட்டுக் கிளம்பினார். கேட்டில் எங்கள் பெட்டி ஆட்டோ குறுக்கே நின்றது. சாவி என் சட்டைப் பையில். நான் மேடைக்குப் பின்னால் ஆம்ப்ளிஃபயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், எம்.எல்.ஏ.வின் டிரைவர் என்னைத் தேடியது தெரியாது. உங்கள் அத்தை இன்றைக்கும் நான் வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் நம்புகிறாள். இல்லை. ஆனால் அவள் சொல்லும்போது நான் மறுப்பதும் இல்லை.

கார் போக முடியாததால் ஹெட்மிஸ்ட்ரஸ் எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்து, சாயாவும் பழம்பொரியும் கொடுத்தார். மாவில் முக்கிப் பொரித்த நேந்திரம்பழம், சுடச்சுட. அவர் ஒரு கடி கடித்தபோது அத்தை மைக் முன்னால் வந்து நின்றாள்.

"சாரே, எனக்குப் பேசத் தெரியாது. டீச்சர் நன்றி சொல்லச் சொன்னாங்க. கிட்டினதுக்குத்தானே நன்றி சொல்ல முடியும்? போன தடவ ஒரு கல்லு கிட்டிச்சு. இன்னைக்கு ஒரு கல்லு கிட்டிச்சு. ரெண்டு கல்லுக்கும் நன்றி. கட்டிடம் எப்ப கிட்டும்னு சாரு ஒரு வாக்குச் சொன்னா, அதுக்கும் சேத்து இப்பவே நன்றி சொல்லிட்டு இறங்கிருவேன். ஓட்டல்ல மாவு கெடக்கு."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எம்.எல்.ஏ.வோடு வந்த ஒரு ஆள் என்னிடம் ஓடிவந்து, "எடா, மைக் ஆஃப் ஆக்கு" என்றார். தூரத்தில் எங்கள் முதலாளி சுகுமாரன் அண்ணனும் அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

இங்கே தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நன்றியுரையில் கடைசி வரி மைக் செட் கடைக்கு. 'ஒலியும் ஒளியும் தந்த இன்னாருக்கு நன்றி' என்று நான்கு பேர் காதில் விழுவதுதான் கடைக்கு விளம்பரம். மழை பெய்தாலும் அடிதடி வந்தாலும் நம் பேர் வரும்வரை மைக்கை அணைக்கக் கூடாது என்று சுகுமாரன் அண்ணனே எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் நான் அங்கிருந்தே கத்தினேன்.

"அண்ணா, நம்ம பேரு இன்னும் வரல."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். காட்டிய கையை இறக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். கடை அவருடையது.

எம்.எல்.ஏ. மோசமான மனுஷர் இல்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்து, அத்தையிடமிருந்து மைக்கை வாங்கினார். "ஸ்கூல் துறக்கும் முன்பு ரெண்டு முறி. ஞான் பறயுன்னு, சேச்சி" என்றார். பள்ளி திறப்பதற்கு முன்னால் இரண்டு அறை, நான் சொல்கிறேன் என்று.

"அப்போ அதுக்கும் நன்றி" என்றாள் அத்தை. இறங்கப் போனவள் திரும்பிவந்து, "மைக் செட்டுக்கும் நன்றி. அது என் தம்பியாக்கும்" என்றாள். கடைப் பேரைச் சொல்லவே இல்லை. அதற்காக நான் ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. எங்கே கூட்டம், யார் பேசுவது என்பது பத்திரிகைக்கு முன்னால் மைக் செட்காரனுக்குத் தெரிந்துவிடும். அந்த எம்.எல்.ஏ. வருகிற இடமாக இருந்தால் அத்தைக்கு ஓட்டலுக்குப் போன் அடித்துச் சொல்வேன். கரமனையில் வாசகசாலை ஆண்டுவிழா, அப்புறம் ஒரு கோயில் திருவிழா, ஒரு ரேஷன் கடைத் திறப்பு. அத்தை வேலை முடிந்து, ஈரப் புடவையோடு வந்து, முன்வரிசைக்குப் பக்கத்தில் நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். சும்மா நிற்பாள். அவர் பேச்சுக்கு நடுவில் அவளைப் பார்த்துவிடுவார். முதல் தடவை தண்ணீர் குடித்தார். மூன்றாவது தடவை மைக்கிலேயே, "ரெண்டு முறி, ஓர்மையுண்டு சேச்சி" என்றார், ஞாபகம் இருக்கிறது என்று. எங்கேயோ இருக்கிற பள்ளிக்கூடத்து அறையைப் பற்றி ரேஷன் கடைக்கு வந்தவர்களுக்கு என்ன புரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர்களும் கைதட்டினார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தபோது ஒரு அறை இருந்தது. சுவர் பூசவில்லை, சிமென்ட் ஈரம் காயவில்லை. இரண்டாவது அறை கடைசிவரை வரவேயில்லை. ஆனால் டிவிஷன் பிழைத்தது. மாரி அத்தான் அந்த அறையில் உட்கார்ந்து ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்தான். இப்போது ஷார்ஜாவிலிருந்து உங்களுக்கு சாக்லேட் அனுப்புகிறானே, அதெல்லாம் அந்த அறையிலிருந்து கிளம்பினதுதான். இப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான், இருக்கட்டும்.

பிறகு நான் மைக் செட்டை விட்டு எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். சுகுமாரன் அண்ணன் கடையிருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. தமிழ் டிவிஷனில் பிள்ளைகள் குறைந்து குறைந்து ஒரு வருஷம் யாருமே சேரவில்லை. அதற்கு நான் யாரையும் குறை சொல்ல முடியாது. உங்கள் இருவரையும் மலையாளத்தில் சேர்த்தது நான்தானே. அந்த ஒற்றை அறையை இடித்துத்தான் இந்தப் புதுக் கட்டிடம் வந்தது. கட்டிடம் நன்றாகவே இருக்கிறது. அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

போன வாரம் நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். திறந்துவைத்தவர் எங்கேயோ ஒரு ஹாலில் இருந்தார். இங்கே திரையில் பல பள்ளிகள் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தன. அவர் ஒரு பட்டனைத் தொட்டதும் எல்லாக் கட்டத்திலும் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். இந்தத் திரையை யாரும் பின்னாலிருந்து இழுக்க வேண்டியதில்லை. எனக்குப் பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து, "சாரே, புதிய கெட்டிடத்தில் பெண்குட்டிகளுக்கு பாத்ரூம் எவிடெ?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார். பெண்பிள்ளைகள் இப்போதும் பழைய கட்டிடத்துக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது என்று நித்யா நீ வீட்டில் சொன்னாயே, அதே விஷயம். நம் பக்கத்து மைக்கை அவர்கள் அங்கிருந்தே மூடிவைத்திருந்தார்கள். டீச்சர் வந்து, "போர்ட்டலில் இட்டிட்டுண்டு, சேச்சி, இரிக்கூ" என்று, புகாரை ஆன்லைனில் போட்டாகிவிட்டது என்று சொல்லி, அந்த அம்மாவை உட்காரச் சொன்னார். திரையில் அதற்குள் வேறொரு பள்ளியின் பெயர் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பொய் வாக்கும் இருந்தது, திரும்பிப் போன பணமும் இருந்தது, சும்மா கிடந்த கல்லும் இருந்தது. ஆனால் கல்லைப் போட்டவர் பழம்பொரி தின்ன நம் முன்னால் உட்கார்ந்தார். அவர் போகிற வழியில் ஒரு பெட்டி ஆட்டோ நிற்க முடிந்தது. இப்போது இல்லாதது அதுதான்.

அன்றைக்கு சுதன் தண்ணீர் பாட்டிலை ஹாலில் மறந்து வைத்துவிட்டு வந்தான் அல்லவா? உங்களை கேட்டில் நிறுத்திவிட்டு நான் மட்டும் திரும்பிப் போனேன். ஹாலில் யாரும் இல்லை. திரை அணைந்திருந்தது. மேடை மேஜையில் கம்பி இல்லாத மைக் ஒன்று, பச்சை விளக்கு எரிந்தபடி கிடந்தது. எடுத்து, பழைய பழக்கத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினேன். காலி ஹால் முழுக்க நன்றாகவே கேட்டது. பிறகு, யாரும் சொல்லாமலேயே, நானே அதை அணைத்து மேஜையில் வைத்தேன். சுருட்டுவதற்கு ஒயர் இல்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தேன்.