மைதானத்துக்காக நாங்கள் போட்ட மாலை

கண்டியில் எங்கள் உதைபந்தாட்டக் குழுவில் பாதிப் பேர் டவுன் கடைகளில் வேலை செய்தவர்கள், பாதிப் பேர் கலஹா தோட்டத்து இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் பேராதனைக்கு வந்து பஸ் மாறி வந்து சேர்வார்கள். நாங்கள் மாநகர சபை மைதானத்தில் காத்திருப்போம். அந்த மைதானத்தில் புல்லைவிடக் கல் அதிகம். ஒரு மூலையில் மாடு மேயும். பந்து அதன்மேல் பட்டால் அதற்கொரு சண்டை வரும். கட்டணம் என்று எதுவும் கிடையாது. இருந்த ஒரே காவலாளியும் மழை வந்தால் எங்களுக்கு முன்பே ஓடி ஒதுங்கிவிடுவார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அந்த இடம் இனிக்கிறது.

எங்கள் கோல் கீப்பர் கலஹாக்காரன். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. அந்த வயதில் அவனைவிட நெருங்கிய சிநேகிதன் எனக்கு இல்லை. ஆனாலும் அவனை நான் வேறெங்கும் சந்தித்ததில்லை. தோட்டத்துக்குள் வெளியாள் போனால் ஆயிரம் கேள்வி. கடைக்கு அவன் வந்தால் என் முதலாளி முறைப்பார். எங்களுக்கு இருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

அப்படியிருக்கும்போது மைதானத்துக்குக் கட்டணம் வரப்போவதாகச் செய்தி வந்தது. காவலாளியின் சம்பளத்துக்கே வழியில்லை, ஆடுகிறவர்களே கொடுக்கட்டும் என்பது அதிகாரிகளின் யோசனை. தோட்டத்துப் பையன்களுக்கு பஸ் காசே பாரம். கட்டணமும் வந்தால் அவர்கள் வரமாட்டார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வட்டார உறுப்பினர் புடவைக் கடை முதலாளி, நல்ல மனிதர். சபையில் எதிர்த்துப் பேசுவதாக வாக்குக் கொடுத்தார். நம் ஆட்களுக்கு அது போதுமா? மாலையும் பொன்னாடையும் இல்லாமல் ஒரு பெரிய மனிதரை நாங்கள் வாங்க என்றுகூடச் சொன்னதில்லை. கூட்டத்தன்று சபை வாசற்படியிலேயே அவருக்கு ஆளுயர ரோஜா மாலையைப் போட்டோம். காரியம் முடிந்த பிறகு போடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் அதைக் கழற்றாமலே உள்ளே போனார். நாங்கள் பார்வையாளர் வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

ஒரு உறுப்பினர் காவலாளியே வேண்டாம் என்றார். இன்னொருவர் வெயில் தாழ்ந்ததும் மைதானத்தைப் பூட்டிவிடலாம் என்றார். அப்புறம் எங்கள் ஆள் எழுந்தார். கழுத்தில் மாலை, எதிரே நாங்கள். வெறுமனே கட்டணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்கார அவருக்கு மனம் வரவில்லை. சிங்களத்தில் தொடங்கியவர் எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“இந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு காவலாளி போதுமா? புல்லு வெட்ட ஆள் வேணும். பழக்குறதுக்கு ஒரு மாஸ்டர் வேணும். கல்லுலயா நம்ம பிள்ளைங்க விழுந்து எழும்புறது?”

சபையே மேசையைத் தட்டியது. நாங்களும் கை சிவக்கத் தட்டினோம். மேயர் சிரித்துக்கொண்டே, இத்தனை பேருக்கும் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்டார். அத்தனை கைதட்டலுக்குப் பிறகு மனிதர் எப்படிப் பின்வாங்குவார்? பிரேரணையில் இருந்த கட்டணத்தை இரண்டு மடங்காக்கலாம் என்று அவரே முன்மொழிந்தார். ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. வெளியே வந்தவர், இனிமேல் மைதானம் எப்படி இருக்கப்போகிறது பாருங்கள் என்று எங்கள் முதுகில் தட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எங்களுக்குத் திட்டவும் வாய் வரவில்லை.

சொன்னபடியே எல்லாம் நடந்தது. கல்லைப் பொறுக்கினார்கள், மாட்டை விரட்டினார்கள், கம்பி வேலி அடித்தார்கள். சம்பளத்துக்கு மாஸ்டரும் வந்தார். கலஹாக்காரர்கள் வருவது நின்றது. நாங்கள் கொஞ்ச நாள் தெருவில் ஆடிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் சினிமாவுக்குப் போகப் பழகிக்கொண்டோம்.

சில மாதங்கள் கழித்து, படம் பார்க்க டிக்கெட் கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா அந்தப் பக்கம் நடந்தேன். வேலிக்கு வெளியே எங்கள் கோல் கீப்பர் நின்றிருந்தான். உள்ளே யாரோ பச்சைப் புல்லில் ஆடிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

“இந்தியா போறதுக்கு எங்க பேரு வந்திருச்சுடா. அடுத்த கிழமை போறோம். ஒன்கிட்ட சொல்லணும்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்து நின்னேன். ஒன் வீடு எங்கேன்னு கேட்டு வச்சிருக்கலாம்.”

தோட்டத்து ஆட்களை ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. பஸ் நிலையம் வரைக்கும் கூடவே நடந்தேன். அதற்குப் பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை. அந்த மைதானம் இன்றைக்கும் அழகாகத்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் கப்பலேறும் வரைக்குமாவது அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்கு விட்டுவைத்திருக்கலாம்.