ஊரின் நடுவில் ஒரு கிணறு

தொண்டு நிறுவன வேலை என்பது பாதி ஸ்கூட்டர், பாதி படிவம். நேரம் மிஞ்சினால் தொண்டு. என்னைப் போல வெயிலில் காய்ந்து திரியும் கள உத்தியோகத்தர்களே, உங்களுக்கு இது புதிதில்லை. வவுணதீவுப் பக்கம் ஒரு சின்ன ஊரில், ஒரே ஒரு கிணற்றுக்காக நான் அலைந்த கதையைக் கேளுங்கள்.

தேத்தண்ணி

அந்த ஊரில் மூன்று நிறுவனங்கள் கூட்டாக வேலை செய்தோம். கூட்டு என்றால், பெயர்ப்பலகையில் மூன்று இலச்சினைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாங்கள் அப்படி இருந்ததில்லை.

தகவல் எடுக்க நான் முதலில் போனது பூரணம் அக்கா வீட்டுக்கு. ஊரின் கடைசி வீடு. அதற்கப்பால் வயல் வட்டைதான். கணவர் இல்லை. மகள் சுகந்திக்குப் பதினாறு வயது, பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது. குடிநீருக்கு அக்கா பக்கத்து ஊருக்குப் போய்வர ஒரு மணித்தியாலம் ஆகும். அதுவரை சுகந்தி வீட்டில் தனிய. யானை நடமாடும் ஊர் அது.

ஆடு எத்தனை, கோழி எத்தனை என்று வரிசையாகக் கேட்டேன். அக்கா தேத்தண்ணி தந்தார். அது எத்தனை தூரம் சுமந்து வந்த தண்ணீர் என்பது குடித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "மிஸ், போன கிழமை வந்தவரும் இதத்தான் கேட்டவர், அதுக்கு முந்தின கிழமை வந்தவரும் இதத்தான் கேட்டவர். நீங்க மூண்டு பேரும் ஒருக்காச் சந்திச்சுக் கதைச்சா என்ன?"

புளியங்கொட்டை

கிணறு எங்கே வெட்டுவது என்பதை ஊரே தீர்மானிக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் வேதம். மண்ணில் ஊரின் படத்தைக் கீறி, ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுப்போம். விரும்பிய இடத்தில் வைக்கலாம். எப்படியும் ஊரின் நடுவில் இருக்கும் பள்ளிக்கூடத்தடியில்தான் வைப்பார்கள் என்று நான் அறிக்கையை முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். நீங்களும் எழுதியிருப்பீர்கள், மறைக்க வேண்டாம்.

கொட்டைகளெல்லாம் பூரணம் அக்காவின் வீட்டு வளவில் போய்க் குவிந்தன. தங்களுக்குத் தூரமாகும் என்று தெரிந்துதான் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தடியில் ஐந்தே ஐந்து கிடந்தன. விசாரித்தால், அவை அக்காவுடையவை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. தண்ணீர் வேண்டியது உங்களுக்குத்தானே என்று அதட்டினேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் எனக்கு வச்சா, எல்லாருக்கும் ஆர் மிஸ் வைக்கிற?"

இளநீர்

நிதி தரும் கொழும்பு அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. பொதுக் கிணறு ஊரின் நடுவில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஓர் அதிகாரி நேரே வந்து வரைபடத்தை விரித்து, இடத்தை மாற்றாவிட்டால் கிணறே இல்லை என்றார். அக்கா எழுந்து, பள்ளிக்கூடத்தடியிலேயே வெட்டுங்கள் என்றார்.

"நீ இருகா பூரணம்" என்று அவரை உட்கார வைத்தார் ஊர்ச் சங்கத் தலைவர் தங்கராசா அண்ணன். பிறகு அதிகாரிக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னார்: "சேர், வரைபடம் உங்கட, சரி. ஊர்ட நடு எதெண்டு நாங்கதானே சொல்லவேணும்."

முதல் வாளி

அதிகாரி கையெழுத்து வைத்தார். காரணம் இளநீரா, அண்ணனின் பேச்சா, தெரியாது. கிணறு வெட்ட எங்கள் கூட்டில் இருந்த இன்னொரு நிறுவனம் அனுப்பியவர் காத்தான்குடி நவாஸ் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். கடலோடு கலக்கும் வாவி தூரமில்லை என்பதால், உப்புத் தண்ணீர் வந்துவிடுமோ என்று எல்லோருக்கும் உள்ளூரப் பயம்.

சேறெல்லாம் இறைத்துத் தெளிந்த அன்று ஊரே கூடி நின்றது. நானா முதல் வாளியைத் தானும் ருசி பார்க்கவில்லை, என்னையும் விடவில்லை. சுகந்தி உட்கார்ந்திருந்த கதிரையடிக்கே கொண்டுபோய்க் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். எனக்குக் கண் கலங்கியதை எவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்து முடித்த சுகந்தி கோப்பையைத் திருப்பி நீட்டினாள்: "நானா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

முதல் நாளே எழுதி வைத்த அறிக்கையில் 'கிணறு ஊரின் நடுவில் அமைந்துள்ளது' என்றுதான் இருந்தது. இந்த வேலையில் பன்னிரண்டு வருசத்தில் நான் ஒரு சொல்லும் மாற்றாமல் அனுப்பிய ஒரே வரி அதுதான்.