சேற்று உச்சியில் மூன்று கூப்பாடு

மேனஸின் இரண்டாம் தாரத்துக் கடைசிப் பிள்ளை கோண்டி. மூத்த தாரத்து மகள் உனாதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. டோனகால் மலையடியில் ஒரே வீடு, ஐம்பது ஆடு. கோடையில் மலையேற வருகிறவர்களுக்குக் கோண்டிதான் வழிகாட்டி.

மறுநாள் வரும் கூட்டத்துக்காகத் தடம் பார்த்து வர அன்று பிற்பகல் ஏறினான். உச்சி என்றால் கூர்முனை இல்லை. நாலு வயல் அகலத்துக்குக் கரிய சதுப்பு. நடுவே அடி தெரியாத குட்டைகள். மூடுபனி இறங்கியது. எப்படி நடந்தாலும் அதே ஒடிந்த வேலிக்கால் மூன்றாம் முறையும் எதிரே வந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் செய்வதையே அவனும் செய்தான். மேல்சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டான். வழியை மறைக்கிற, கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு அப்போது ஆள் அடையாளம் தெரியாதாம்.

நிமிர்ந்தால், இருபதடி தள்ளி ஓர் உருவம். அதன் சட்டையிலும் தையல் வெளியே. தன்னைப் போலவே ஒன்று வந்து நிற்கிறதென்று நினைத்தான்.

"கோண்டி..."

மலையில் மூன்றாம் தடவை கூப்பிட்டால்தான் வாய் திறக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். மனிதரல்லாததற்கு இரண்டுக்கு மேல் கூப்பிட வராது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"கோண்டி..."

அவ்வளவுதான். உருவம் திரும்பிக் குட்டையை நோக்கி நடந்தது. இடக்காலை இழுத்து இழுத்து வைக்கும் அந்த நடை உனாவுடையது. அவனைத் தேடி வந்து அவளும் வழி தவறியிருக்கிறாள்.

"அக்கா!"

நிற்கவில்லை.

"அக்கா, முன்னால குட்டை! நில்லு!"

அவளும் அதே வீட்டில் வளர்ந்தவள்தானே, தலையைக்கூடத் திருப்பவில்லை. ஓடப் பார்த்தான், முழங்கால்வரை சேறு விழுங்கிக்கொண்டது. அவளுக்கும் தண்ணீருக்கும் இரண்டடி.

"உனா!"

"என்னடா!" விளிம்பில் நின்றுவிட்டாள். "பேரு சொல்லிக் கூப்பிடற அளவுக்கு வளந்துட்டியா?"

தட்டுத்தடுமாறி அவளிடம் வந்து சேர்ந்தான். "ரெண்டாவதுக்கே திரும்பினா என்ன? செத்திருப்பே!"

"நீ மட்டும் ரெண்டு தடவ கூப்பிட்டும் ஊமையாட்டம் இருந்தியே? நாளைக்குப் பத்துப் பேருக்கு வழி காட்டப் போற மூஞ்சியப் பாரு!"

"நீ ஏன் மூணாவது கூப்பிடல?"

"கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீதானே குட்டைப் பக்கத்துலேருந்து 'இங்க இருக்கேன், வா'ன்னே."

"நான் வாயே தெறக்கலியே அக்கா."

உனா சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியை வீட்டு வாசல்வரை விடவில்லை. மறுநாள் வந்தவர்களைக் கோண்டி அடிவாரத்தை மட்டும் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டான்.