மேல் மாடிக்குப் போகாத பெட்டி

லா சப்பலில் எங்களுக்கு மேல் மாடியில் ஒரு ஜப்பானியப் பெண்மணி தனியாக இருந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி. படியில் யாரைக் கண்டாலும் சுவரோடு ஒதுங்கி, தலைகுனிந்து வழிவிடுவார்.

ஒரு தைப்பொங்கலுக்கு என் மனைவி அவருக்குப் பிளாஸ்டிக் பெட்டியில் பொங்கிய புக்கை கொடுத்தாள். மறுநாள் அதே பெட்டியில் பயற்றம் உருண்டை மாதிரி ஏதோ இனிப்பு வந்தது.

"எங்கட ஆக்களைப் போலதான், இவவும் வெறும் பெட்டி குடுக்கமாட்டா" என்று மனைவி சிரித்தாள். நாலு வருடம் அந்தப் பெட்டி ஏறி இறங்கியது.

பிறகு ஊரில் அப்பா தவறிவிட்டார். துடக்கு வீடு, முப்பத்தொரு நாளும் எங்கள் சமையல் வெளியே போகக்கூடாது. பெட்டி எங்களிடமே நின்றுவிட்டது.

ஒருநாள் படியில் அவர் பிரெஞ்சில் கேட்டார்: "மிசியூ, கடைசியாகத் தந்த இனிப்பு பிடிக்கவில்லையா?"

துடக்கைப் பிரெஞ்சில் எப்படி விளங்கப்படுத்துவது? "பிறகு மதாம், பிறகு" என்றுவிட்டு மெத்ரோ பிடிக்க ஓடினேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, மனைவி பெட்டி நிறைய மோதகத்தோடு மேலே போனாள். வீடு பூட்டிக் கிடந்தது. முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். எந்த இல்லம் என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

துடக்கை விடுங்கள். "நல்லாயிருந்தது, மதாம்" என்று சொல்லுமளவு பிரெஞ்சு எனக்கு அப்போதே தெரியும்.