கமலாம்பாள் பதில் சொல்லாத பாட்டு

தலையில் உப்புக் கூடை இருக்கும்போது திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் மரக்காணம் உப்பளத்தில் வரிசையாகச் சுமக்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவள் பின்னால் வருகிறவர்களை ஒவ்வொரு பெயராகப் பாட்டில் கூப்பிடுவாள். “வர்றேன், வர்றேன்” என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் கூடையை இறக்கிவிட்டு ஓட வேண்டும்.

எங்களுக்கு முன்னால் போகிறவள் ஆரோக்கியசெல்வி. எக்கியார்குப்பத்துக்காரி. கரகரத்த குரல் என்று மாதா கோயில் பாட்டுக் குழுவில் அவளைச் சேர்க்கவில்லை. அந்தக் குரல் கடல்காற்றிலும் கடைசி ஆள் வரை கேட்கும்.

போன கோடையில் கமலாம்பாளை மூன்று முறை கூப்பிட்டாள். பதில் இல்லை. கமலாம்பாள் வரப்போரம் குப்புறக் கிடந்தாள். வீட்டில்தான் செத்தாள் என்று அளத்துக் குத்தகைக்காரர் எல்லாரிடமும் சொன்னார்.

அளத்தில்தான் செத்தாள் என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ளும்வரை விடமாட்டோம் என்றார் சங்கச் செயலாளர் மணிவண்ணன். செல்வி கமலாம்பாள் சாவைப் பாட்டாகக் கட்டினாள். எல்லாப் பெயரும் வரும், பதிலும் வரும். கமலாம்பாள் பெயர் மூன்று முறை வரும். அதன் பிறகு சத்தமே இருக்காது. பாட்டு அங்கேயே முடிந்துவிடும். மணிவண்ணன் வரப்பில் உட்கார்ந்து அதைச் செல்போனில் பிடித்துக்கொண்டார்.

“இதாம்மா மக்கள் கலை. சங்கத்துக் கலை இரவுல நம்ம குழு பாடட்டும். அந்த ஆளு எங்க ஓடி ஒளியுறான்னு பாப்போம்.”

அவள் குரலில் வந்ததைக் கலை என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். கலை இரவன்று செல்வி எங்களையெல்லாம் கிளப்பி அழைத்துப் போய் முன்னால் உட்கார வைத்தாள்.

மேடைக்கு நேர் எதிரே, மணிவண்ணன் பக்கத்து நாற்காலியில் குத்தகைக்காரர் இருந்தார். பறை அதிரப் பாட்டு தொடங்கியது. கமலாம்பாள் பெயர் வர வேண்டிய இடத்தில் “உழைக்கும் பெண்ணே, வர்றியா?” என்று பாடினார்கள். குழுப் பெண்கள் கையை உயர்த்தி, “வர்றோம், வர்றோம்” என்றார்கள். ஒரே கைதட்டல். குத்தகைக்காரரும் தட்டினார்.

பாட்டு முடிந்ததும் செல்வி மேடைக்குப் பின்னால் போய் மணிவண்ணனிடம் கேட்டாள்.

“கமலாம்பா எங்க தோழர் பதில் சொன்னா?”

“ஒரு பேர வெச்சா ஒருத்தி கதையாப் பூடும் செல்வி. இப்ப எல்லாருக்கும் பொது. சனங்களுக்கு நம்பிக்கை குடுக்கணும் இல்ல?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “குத்தகைக்காரரு அளத்துல நிழல் கொட்டகை போட்டுத் தர்றேன்னிருக்காரு. இப்பப் போயி அதக் கிளறணுமா?”

சொல்லிக்கொண்டே அவள் தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டார். அவள் அதை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, மே தினத்துக்கு அவளே வந்து பாட வேண்டும் என்று கேட்க மணிவண்ணன் அளத்துக்கு வந்தார். நாங்கள் கூடையோடு நடந்துகொண்டிருந்தோம். செல்வி நிற்கவில்லை. வழக்கம்போலப் பெயர்களைக் கூப்பிட்டு வந்தவள், எங்கள் பெயர்கள் முடிந்ததும் அதே ராகத்தில் கூப்பிட்டாள்.

“மணிவண்ணா, வர்றியா?”

மூன்று முறை கூப்பிட்டாள். அவர் வரப்பில் நின்றபடி எங்களைப் பார்த்தார். பிறகு செல்போனைப் பார்த்தார்.

யாரும் கூடையை இறக்கவில்லை. செல்வி மறுபடி முதல் பெயரிலிருந்து தொடங்கினாள்.